நடுச்சில்லு

வன்னியில் வீடு வீடாகச் சென்று பணிசெய்பவர்கள் ஒரு பொருளை அடிக்கடி கண்டிருப்பார்கள். சாமிப்படத் தட்டுக்குப் பக்கத்திலோ அலுமாரிக்கு மேலோ, பொலித்தீன் பையால் மூடப்பட்டு, ஓடாமல் நின்றுபோன ஒரு விளையாட்டுச் சாமான் இருக்கும். கனடாவிலிருந்தோ சுவிசிலிருந்தோ விடுமுறைக்கு வந்த உறவினர் கொடுத்துவிட்டுப் போனதாக இருக்கும். றிமோட்டில் ஓடும் கார், கண்ணைச் சிமிட்டும் பொம்மை என்று ஏதாவது ஒன்று. இரண்டு மாதம் ஓடியிருக்கும். பிறகு "கிர்ர்" என்று சத்தம் போட்டுவிட்டு நின்றிருக்கும். எறிய மனம் வராது. திருத்தவும் ஆள் கிடைக்காது. கடைக்குக் கொண்டுபோனால், "உதுக்குச் சாமான் இல்லை, புதுசு வாங்குங்கோ" என்பார்கள். 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் கூலிக்குப் போகும் குடும்பத்தில் புதிது வாங்குவது நினைத்துப் பார்க்க முடியாத காரியம்.

பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் உடைந்ததைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று வாசகிகள் நினைக்கக்கூடும். புதுக்குடியிருப்புப் பக்கத்தில் நான் போய்வரும் ஒரு வீட்டில் அது சின்ன விடயமாக இருக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்த ராங்கி

அந்த வீட்டில் அம்மம்மா, அம்மா, பதினொரு வயது மகன், ஆறு வயது மகள் ஆகிய நால்வர் இருக்கிறார்கள். தகப்பன் கொழும்பில் மேசன் வேலை. மாதத்துக்கு ஒருமுறை வந்துபோவார். தாய் வீட்டிலிருந்தபடி தையல் வேலை செய்கிறார். சென்ற வருடம் வெளிநாட்டில் இருந்து வந்த மாமா முறையான ஒருவர், தன் மகன் விளையாடிப் பழசாகிய றிமோட் ராங்கி ஒன்றை இந்தப் பையனுக்குக் கொடுத்தார். ஒன்றரை அடி நீளம். இரண்டு பக்கமும் சங்கிலிப் பட்டி. மேற்பகுதி சுற்றும். குழல் ஏறி இறங்கும். பையனுக்குத் தலைகால் புரியாத சந்தோசம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாம் பார்க்க வந்தார்கள்.

அம்மம்மாவுக்கு மட்டும் அந்தச் சத்தம் ஆகவில்லை. 2009 ஆம் ஆண்டு புதுக்குடியிருப்பில் இருந்து முள்ளிவாய்க்கால் வரை பங்கருக்குப் பங்கர் மாறி வந்தவர் அவர். அங்கே ஒரு மகனைத் தொலைத்தார். இன்றுவரை பதில் இல்லை. 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கியபோது அவரும் சில காலம் போய்வந்தார். பிறகு முழங்கால் இடம் கொடுக்கவில்லை. சீமெந்து நிலத்தில் பேரனின் ராங்கி ஓடத் தொடங்கினால் அவர் எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விடுவார். பேரனை ஒரு சொல்லும் ஏசமாட்டார். "அவனுக்கு என்ன தெரியும் பிள்ளை, விளையாடட்டும்" என்பார்.

தாய் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றார். மகனிடம், "மெல்லமா ஓடு, அம்மம்மா படுத்திருக்கிறா" என்பார். தாயிடம், "கொஞ்ச நேரம்தானே அம்மா, பிறகு வச்சிடுவான்" என்பார். இந்தச் சமாளிப்பு மூன்று மாதம் நடந்தது.

ஒருநாள் ராங்கியின் ஒரு பக்கப் பட்டி சுற்றாமல் போனது. மற்றப் பக்கம் மட்டும் சுற்றியதால் அது நின்ற இடத்தில் வட்டமடித்தது. இரண்டு நாளில் அதுவும் "டக், டக்" என்று தாவத் தொடங்க, தாய் அதை எடுத்து அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டார். வீடு அமைதியானது. "உள்ளதைச் சொன்னால் எனக்கு நிம்மதியாத்தான் இருந்தது மிஸ்" என்று பின்னர் என்னிடம் சொன்னார்.

தேடிப்போன இடம்

பையன் விடவில்லை. ஒருவருக்கும் தெரியாமல் அதை இறக்கி, அடிப்பக்கத்தைக் கழற்றிப் பார்த்திருக்கிறான். உள்ளே ஒரு வெள்ளைப் பற்சில்லில் மூன்று பல் இல்லை. "இரும்பில அப்பிடி ஒண்டு கிடைச்சால் சரிவரும்" என்று அவனே தீர்மானித்திருக்கிறான். பெரிய வகுப்புப் பெடியன் ஒருவன், காட்டோரத்தில் கிடக்கும் பழைய வாகனங்களுக்குள் சின்னச் சின்னப் பற்சில்லுகள் இருக்கும் என்று சொல்லிவிட்டான். இவன் இரண்டு கூட்டாளிகளோடு ஒரு பின்னேரம் பற்றைக்குள் இறங்கிவிட்டான். நல்லவேளையாக விறகுக்குப் போன ஒருவர் கண்டு, அதட்டி, வந்த வழியாலேயே கூட்டிக்கொண்டு வந்து விட்டார்.

இதன் பாரதூரம் எங்கள் பகுதி வாசகிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்ற இடத்து வாசகிகளுக்காகச் சொல்கிறேன். போர் முடிந்து பல வருடங்கள் சென்ற பிறகும் இந்த மண்ணில் வெடிபொருள் அகற்றும் வேலை முற்றாக முடியவில்லை. 2017 டிசம்பரில் இலங்கை கண்ணிவெடித் தடைச் சாசனத்தில் இணைந்தது. ஹலோ ட்ரஸ்ட் போன்ற நிறுவனங்களில் எங்கள் கிராமத்துப் பெண்கள் பலர், முகக்கவசம் அணிந்து, முழங்காலில் இருந்து, சிறிது சிறிதாக மண்ணைக் கிளறி வேலை செய்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் பழைய இரும்பு பொறுக்கப் போய்க் கையையும் உயிரையும் இழந்தவர்களின் கதை எங்களிடம் உண்டு. பிள்ளைகளுக்குப் பாடசாலையில் எல்லாம் சொல்லிக் கொடுக்கிறார்கள். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையை எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் ஒரு பொருள் மேல் ஆசை வந்துவிட்டால் பிள்ளைக்குப் பலகை கண்ணில் படாது.

நான் அந்த வாரம் போனபோது தாய் நடுங்கிக்கொண்டிருந்தார். "உந்தச் சனியனை அடுப்புக்க வச்சு எரிக்கப்போறன்" என்றார். மறித்தவர் அம்மம்மா.

"எரிக்காதை பிள்ளை. எரிச்சால் அவன் இன்னும் தேடுவான். திருத்திக் குடு. வீட்டுக்க இருந்து விளையாடட்டும்."

"ஆரம்மா திருத்திறது? அவர் வர மாதக் கடைசியாகும்."

"தையல் மெசினைக் கழட்டிப் பூட்டிறது நீதானே" என்றார் அம்மம்மா.

அதற்குப் பதில் இருக்கவில்லை. மெசினுக்கு எண்ணெய் விடுவதும், பட்டி மாற்றுவதும், நூல் சிக்கினால் கழற்றி எடுப்பதும் அவர்தான். அதை வேலை என்று அவரும் எண்ணவில்லை, மற்றவர்களும் எண்ணவில்லை. ஆம்பிளைகள் வாகனம் திருத்தினால் அது தொழில். பெண்கள் மெசின் திருத்தினால் அது வீட்டுவேலை. சமூகவியல் வகுப்பில் பெரிய சொற்களில் படித்ததை அம்மம்மா ஒரே வசனத்தில் சொல்லிவிட்டார்.

பல் ஏன் தேய்கிறது?

சந்தைப் பக்கம் றேடியோ திருத்தும் வயதான ஐயா ஒருவர் இருக்கிறார். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் வன்னிக்குப் பற்றரி வராது. எரிபொருள் வராது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் றேடியோ கேட்ட காலம் அது. மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. எதையும் எறியாமல் திருப்பித் திருப்பிப் பாவித்த தலைமுறையின் ஆள் அவர். தாயும் மகனும் நானும் ராங்கியை எடுத்துக்கொண்டு அவரிடம் போனோம். அவர் கையை வைக்கவில்லை. "நீ கழட்டு பிள்ளை, நான் சொல்லுறன்" என்று திருப்புளியைத் தாயிடம் கொடுத்தார்.

அன்று கற்றதை வாசகிகளுக்கும் பயன்படும் என்று எழுதுகிறேன். கார் ஆனாலும் ராங்கி ஆனாலும் உள்ளே இருப்பது ஒரே ஒழுங்குதான்.

மோட்டர் மிக வேகமாகச் சுற்றும். ஆனால் பலம் குறைவு. அந்த வேகத்தைக் குறைத்துப் பலமாக மாற்றுவதே பற்சில்லுகளின் வேலை. 10 பல் உள்ள சின்னச் சில்லு 40 பல் உள்ள பெரிய சில்லைச் சுற்றினால், பெரியது ஒருமுறை சுற்றச் சின்னது நான்கு முறை சுற்றவேண்டும். வேகம் நாலில் ஒன்றாகும். சுழற்றும் பலம் ஏறக்குறைய நாலு மடங்காகும். இப்படி இரண்டு மூன்று சோடிச் சில்லுகள் அடுத்தடுத்து இருக்கும். ராங்கிக்கு இடது பட்டிக்கு ஒரு மோட்டர், வலது பட்டிக்கு ஒரு மோட்டர். அதனால்தான் ஒரு பக்கம் பழுதானால் அது வட்டமடிக்கிறது.

காரை விட ராங்கியின் சில்லுகள் விரைவில் தேயும். கார் முன்சில்லைத் திருப்பி வளையும். ராங்கி ஒரு பட்டியை நிறுத்தி மற்றப் பட்டியால் உடம்பை இழுத்துத் திரும்பவேண்டும். அப்போது முழுப்பட்டியும் நிலத்தில் உரசும். பாரம் முழுவதும் பல்லில் விழும். அதோடு எங்கள் மணல். கிறீஸில் மணல் ஒட்டிவிட்டால் அது அரம் போலப் பல்லைத் தின்னும். அச்சில் தலைமயிரும் நூலும் சுற்றி இறுகிவிடும். தையல் நடக்கும் வீட்டில் சொல்லவா வேண்டும்! கதிரைக் காலில் முட்டிக்கொண்டு நிற்கும்போது பிள்ளை விசையை விடாமல் அழுத்தினால், மோட்டர் ஒரு பக்கம் தள்ள, பட்டி அசையாமல் நிற்க, நடுவில் உள்ள பல் முறியும்.

சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லலாம் என்றார் ஐயா. மோட்டர் இரைகிறது, பட்டி அசையவில்லை என்றால், மோட்டர் அச்சில் உள்ள சின்னச் சில்லு வெடித்து வழுக்குகிறது, அல்லது எங்காவது பல் முழுவதும் போய்விட்டது. ஒழுங்காக "டக், டக்" என்றால் ஓரிரு பல் முறிந்திருக்கிறது. சத்தமே இல்லை என்றால் முதலில் பற்றரியையும் வயரையும் பார்க்கவேண்டும்.

எங்கள் ராங்கியில் இரண்டு குறை இருந்தது. பட்டியைச் சுற்றும் கடைசிச் சில்லின் பல் தேய்ந்திருந்தது. ஆனால் ஒரு முகம் மட்டும்தான். எப்போதும் முன்னுக்கு ஓடுவதால் தள்ளு வாங்கும் முகம் மட்டும் தேய்கிறது. மற்ற முகம் புதிதுபோல் இருந்தது. "கழட்டி மறுபக்கம் திருப்பிப் போடு" என்றார் ஐயா. இரண்டு பக்கமும் ஒரேமாதிரியான ஒற்றைச் சில்லு என்பதால் அப்படிச் செய்ய முடிந்தது. ஒரு சதம் செலவில்லை.

மற்றது நடுச்சில்லு. முன்னால் உள்ள சில்லிடம் சுழற்சியை வாங்கிப் பின்னால் உள்ள சில்லுக்குக் கொடுப்பது அது. மூன்று பல் போனது அதில்தான். அதையும் திருப்பிப் போடலாமா என்று பையன் கேட்டான். ஐயா சிரித்தார்.

"அதுக்கு ரெண்டு முகமும் தேயும் தம்பி. ஒரு முகத்தால வாங்குது, மற்ற முகத்தால குடுக்குது. அதுதான் நடுச்சில்லு கெதியாப் போறது."

தாய் திருப்புளியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "கேட்டீங்களே மிஸ்? நடுவில நிக்கிறதுக்கு ரெண்டு பக்கமும் தேய்வாம்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் மூன்று மாதமாக அந்த வீட்டில் தாய்க்கும் மகனுக்கும் நடுவில் அவர் பட்ட பாட்டை நான் அறிவேன்.

புதிய பல்

ஐயாவிடம் ஒரு பிஸ்கட் பேணி இருந்தது. செத்துப்போன சீடி பிளேயர், பிறின்ரர், விளையாட்டுச் சாமான் எல்லாவற்றிலும் கழற்றிய பற்சில்லுகள் அதற்குள் இருந்தன. பையன் பல்லை எண்ணினான். தாய் தையல் அளவுநாடாவை எடுக்க, அது போதாது என்று ஐயா நுண்ணளவுக் கருவியைக் கொடுத்தார். வெளி விட்டத்தைப் பல்லின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி வகுக்கவேண்டும். வரும் எண் இரண்டு சில்லுக்கும் ஒன்றாக இருந்தால்தான் பல்லோடு பல் பொருந்தும். உதாரணமாக, 18 பல், வெளி விட்டம் 10 மில்லிமீற்றர் என்றால் 10 ஐ 20 ஆல் வகுக்க 0.5 வரும். கணக்கில் பின்நிற்கும் பையன் அன்று கணக்குச் செய்து செய்து பேணியில் பாதியைக் கொட்டிப் பார்த்தான். கடைசியில் ஒன்று அகப்பட்டது. பல் சரி, விட்டம் சரி. ஓட்டை மட்டும் பெரிது. முடிந்த பேனையின் ரீபில் குழாயில் ஒரு துண்டை வெட்டி ஓட்டைக்குள் இறக்கினார்கள். அச்சில் இறுக்கமும் இல்லாமல் ஆட்டமும் இல்லாமல் நின்றது.

வீட்டில் செய்பவர்கள் கவனிக்க வேண்டிய சில விடயங்களையும் ஐயா சொன்னார். முதலில் பற்றரியைக் கழற்றிவிட வேண்டும். கழற்றும்போது ஒவ்வொரு படியிலும் போனில் ஒரு படம் எடுத்து வைத்தால் பூட்டும்போது குழப்பம் வராது. ஆணிகளைக் கழற்றிய ஒழுங்கில் ஒரு கடதாசியில் குத்தி வைக்கலாம். பிளாஸ்ரிக் சில்லை சவர்க்காரத் தண்ணீரும் பழைய பல்விளக்கும் தூரிகையும் கொண்டு கழுவினால் போதும். பெற்றோலும் தின்னரும் சில பிளாஸ்ரிக்கைப் பழுதாக்கும். முறிந்த பல்லை ஒட்டும் பசை நிற்காது. தேங்காய் எண்ணெய் விடக்கூடாது. நாள் போகப் பிசினாகிவிடும். பிளாஸ்ரிக்குக்கு ஏற்ற கிறீஸ் ஒரு பொட்டு போதும். கூடினால் மணலைத்தான் சேர்க்கும். எல்லாவற்றையும் இரும்பாக மாற்றினால் நல்லதுதானே என்று பையன் விடாமல் கேட்டான். ஒரு சில்லை மட்டும் இரும்பாக்கினால் அடுத்த பிளாஸ்ரிக் சில்லு முறியும், எல்லாவற்றையும் இரும்பாக்கினால் மோட்டர் எரியும் என்றார் ஐயா. ஆசை கொஞ்சம் அடங்கியது. பற்றைக்குள் தேடவேண்டிய இரும்பு தனக்குத் தேவையில்லை என்பதை அவன் அந்தக் கதிரையில் இருந்தே விளங்கிக்கொண்டான்.

மேற்பகுதியைப் பூட்டாமல் விட்டால் பாரம் குறையும், பல்லுக்கு நல்லது என்றும் ஐயா சொல்லியிருந்தார். பையன் குழலோடு கூடிய அந்தப் பகுதியை ஒரு பையில் போட்டு வைத்துவிட்டான். வெறும் பட்டியோடு அது உழவு மெசின் போலத்தான் இருந்தது. அந்த ஓட்டைக்குள் தங்கச்சியின் பொம்மை இப்போது குந்தியிருக்கிறது.

உண்மையில் ராங்கியின் பிறப்பும் அப்படித்தான். சேற்று வயலில் புதையாமல் ஓடுவதற்கு அமெரிக்காவில் ஹோல்ட் என்பவரின் கம்பனி செய்த பட்டி உழவு இயந்திரத்தைப் பார்த்துத்தான் பிரித்தானியர் போர் ராங்கியை உருவாக்க முனைந்தார்கள். 1916 செப்ரெம்பர் 15 ஆம் திகதி பிரான்சின் சோம் போர்முனையில் அது முதன்முதலாக இறங்கியது. இரகசியம் காக்கத் தண்ணீர்த் தாங்கி செய்கிறோம் என்று சொன்ன பொய்யே அதற்குப் பெயராக நிலைத்தது. தமிழிலும் தண்ணீருக்கும் தாங்கி, போருக்கும் தாங்கி என்கிறோம். எங்கள் பக்கத்தில் 1991 ஜூலையில் ஆனையிறவில் மண் தள்ளும் புல்டோசருக்கு இரும்புக் கவசம் போட்டுப் போருக்கு விட்டார்கள். அது ஏ-9 வீதியோரத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. உழவுக்கு வந்தது போருக்குப் போனது. இந்த வீட்டில் ஒரு சின்னப் பையன் அதைத் திருப்பிப் பூட்டியிருக்கிறான்.

இப்போது அந்த வீட்டில்

எல்லாம் சுபமாக முடிந்தது என்று எழுதமாட்டேன். அம்மம்மாவுக்கு அந்தச் சத்தம் இன்றும் ஆகாது. ஆனால் ஒரு ஒழுங்கு வந்திருக்கிறது. அவர் பின்னேரம் பக்கத்து வீட்டுக்குப் போகும் நேரத்தில்தான் ஓட்டம். சீமெந்து நிலத்தில் சத்தம், மணலில் ஓட்டினால் பல் தேயும் என்பதால் தாய் பழைய சாக்குகளைத் தைத்து ஒரு விரிப்புச் செய்து கொடுத்தார். இந்த ஒழுங்கைத் தாய் தனியே போடவில்லை. அம்மம்மாவையும் பையனையும் ஒன்றாக இருத்திக் கதைக்கச் சொன்னோம். தன் மாமா எப்படித் தொலைந்தார் என்பதை அன்றுதான் பையன் அம்மம்மாவின் வாயால் கேட்டான். அதன் பிறகு சத்தத்தைக் குறைக்கும்படி தாய் சொல்லவேண்டி வரவில்லை. வாங்குவதும் கொடுப்பதுமாக நடுவில் நின்ற தேய்வு கொஞ்சம் குறைந்தது.

இன்னொரு பலனும் உண்டு. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் தாய் இந்தக் கதையைச் சொல்ல, வாழ்வாதார உதவியாகக் கிடைத்துப் பழுதாகி மூலையில் கிடந்த இரண்டு தையல் மெசின்களை அவரிடம் கொண்டுவந்தார்கள். ஒன்றை ஓடப்பண்ணிவிட்டார். மற்றதுக்குப் பற்சில்லு தேடிக்கொண்டிருக்கிறார். உதவியாக மெசின் கொடுப்பவர்கள் அதைத் திருத்தவும் ஒரு நாள் பழக்கிக் கொடுத்தால் எத்தனையோ மெசின் மூலைக்குப் போகாது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. 2016 இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் அங்கேதான் இருக்கிறது. திருப்புளி பிடிக்க ஆசைப்படும் பெண்பிள்ளையை "உது பெடியளின்ர வேலை" என்று தடுக்காமல் அந்த வாசலைக் காட்டுங்கள்.

தாய்மாருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். உடைந்த விளையாட்டுச் சாமானை ஒளித்து வைக்காதீர்கள். பிள்ளையோடு பாயில் இருந்து கழற்றிப் பாருங்கள். ஒரு பழைய பேணியில் பற்சில்லு, ஆணி, சுருள்வில் எல்லாம் சேர்த்து வையுங்கள். பழைய இரும்பு தேடிப் பற்றைக்குள் இறங்கப் பிள்ளைக்குத் தேவை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், கல்லும் எறியாமல், வந்த அடியிலேயே திரும்பிவந்து கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ சொல்லும்படி பழக்குங்கள். உங்கள் வீட்டில் யார் நடுச்சில்லு என்றும் ஒருமுறை பாருங்கள். பெரும்பாலும் அது நீங்களாகத்தான் இருப்பீர்கள். பல் முறியும் வரை காத்திருக்காமல், பாரத்தைப் பங்கிடும்படி மற்றவர்களைக் கேளுங்கள். கேட்டால் தருவார்கள், கேட்காமல் ஒருவரும் தருவதில்லை.